இரவில் கரையும் கல்

60 கிராம் எடையுள்ள கோழி முட்டையில் ஓடு மட்டும் ஐந்தரை முதல் ஆறு கிராம் வரை இருக்கும். ஓட்டில் நூற்றுக்குத் தொண்ணூற்று நான்கு பங்குக்குக் குறையாமல் கால்சியம் கார்பனேட், அதாவது சுண்ணாம்புக்கல். அதிலுள்ள கால்சியத்தை மட்டும் தனியே கணக்கிட்டால் 2 கிராமுக்குச் சற்று மேல் தேறும். கோழியின் உடம்பு முழுவதையும், எலும்பையும் சேர்த்து, எடுத்துக்கொண்டாலும் இருக்கும் கால்சியம் சுமார் 20 கிராம். வருடத்துக்கு 300 முட்டை இடும் கோழி, தன் உடம்பில் உள்ளதைப்போல் முப்பது மடங்குக் கால்சியத்தை ஓடாக வெளியே தள்ளிவிடுகிறது. நன்றாகக் கறக்கும் மாடு ஒரு வருடம் பாலில் விடும் கால்சியம்கூட அதன் உடம்பில் உள்ளதைப்போல் இரண்டு மடங்கைத் தாண்டாது. இளங்கோழி இந்த வேலையை அலட்டிக்கொள்ளாமல் செய்துவிடும். வயதான கோழிக்கு அதே தீவனம் போட்டாலும் செய்ய முடிவதில்லை.

தமிழ்நாட்டில் ஓட்டைப் பற்றிய இந்தக் கவலையின் தலைநகரம் நாமக்கல். அந்த வட்டாரத்துப் பண்ணைகளிலிருந்து சத்துணவுக் கூடங்களுக்கும் கேரளத்துக்கும் வளைகுடா நாடுகளுக்கும் முட்டை போகிறது. 30 முட்டை அடங்கிய அட்டைகள் ஒன்றன்மேல் ஒன்றாக லாரியில் ஏறி, பாலக்காட்டுக் கணவாயைத் தாண்டிக் கடையில் போய் இறங்கும்வரை ஓடு தாக்குப்பிடிக்க வேண்டும். தேசிய முட்டை ஒருங்கிணைப்புக் குழு (என்இசிசி) அறிவிக்கும் விலை முழு முட்டைக்கு. கீறல் விழுந்த முட்டையை அந்த விலைக்கு யாரும் எடுப்பதில்லை. பேக்கரிக்காரர் கேட்கும் விலைக்குத்தான் கொடுக்க வேண்டும்.

பண்ணைகளில் வளரும் வெள்ளை இறகு முட்டைக்கோழி 18, 19-வது வாரத்தில் முதல் முட்டையை இடும். 28, 30-வது வாரத்தில் உற்பத்தி உச்சத்துக்குப் போய், நூறு கோழிக்குத் தினம் 95 முட்டை வரைகூடக் கிடைக்கும். அதன்பின் மெல்ல இறங்கும். முன்பெல்லாம் 72-வது வாரத்தில் பேட்ச்சை விற்றுவிடுவது வழக்கம். இப்போது 80, 90 வாரம் வரை வைத்திருப்பதும் உண்டு. நூறு வாரத்தில் 500 முட்டை என்ற இலக்கை முன்வைத்தே பன்னாட்டு இனப்பெருக்க நிறுவனங்கள் கோழிகளைத் தேர்ந்தெடுத்து வருகின்றன. இந்தக் கூடுதல் வாரங்களில் எண்ணிக்கை குறைவதற்கு முன்பே ஓடு காலை வாரிவிடுகிறது. முட்டை இடுகிறது, ஆனால் அட்டைக்குப் போய்ச் சேருவதில்லை. சில பழைய பேட்ச்களில் உடைசல் பத்து விழுக்காட்டைக்கூடத் தாண்டும்.

இதற்கு முதல் காரணம் மிக எளிது. வயதாக ஆக முட்டை பெரிதாகிறது. தொடக்கத்தில் 45 கிராம் அளவில் இருந்த முட்டை, 70-வது வாரத்தில் 60 கிராமை ஒட்டி வந்துவிடும். ஓட்டுக்குக் கோழி ஒதுக்கும் சரக்கு அந்த அளவுக்கு உயர்வதில்லை. அதே ஒரு கரண்டி மாவை அகலமான தோசைக்கல்லில் இழுத்துத் தேய்த்தால் என்ன ஆகுமோ, அதுதான் ஆகிறது. முட்டை எடையில் பத்து விழுக்காடாக இருந்த ஓடு ஒன்பதுக்கும் அதற்குக் கீழேயும் இறங்குகிறது. ஆகவே பழைய பேட்ச்சில் முட்டை மேலும் பெரிதாகாமல் பார்த்துக்கொள்வதும், அதாவது தீவனத்தில் புரதத்தையும் மெத்தியோனினையும் அளவோடு நிறுத்துவதும், ஓட்டைக் காக்கும் வழிகளில் ஒன்று.

இரண்டாவது காரணம் நேரம். ஒரு முட்டை உருவாக 24 முதல் 26 மணி நேரம் ஆகும். மஞ்சள் கரு சினைப்பையிலிருந்து விடுபட்டு முட்டைக்குழாயில் விழுந்ததும், சுமார் மூன்று மணி நேரத்தில் வெள்ளைக் கரு சுற்றிக்கொள்ளும். அடுத்த ஒன்றேகால் மணியில் இரண்டு சவ்வுகளும் போர்த்திவிடும். மிச்சமுள்ள 18 முதல் 20 மணி நேரத்தை அது ஓட்டுச் சுரப்பியிலேயே கழிக்கிறது. அங்கும் முதல் சில மணி நேரம் தண்ணீரும் உப்பும் ஏறி முட்டை உப்புவதில் போய்விடும். காலை 8, 9 மணிக்குக் கூண்டின் முன்பக்கம் உருண்டு வரும் முட்டைக்கு, முந்தைய நாள் மாலை 5, 6 மணிக்கு மேல்தான் ஓடு வேகமாகப் படியத் தொடங்கியிருக்கும். ஷெட்டில் விளக்கை அணைத்து, கோழிகள் தீவனத்தை விட்டுத் தலையைச் சிறகில் புதைத்துத் தூங்கும் நேரம்தான் அந்த வேலையின் உச்சம்.

ஒன்றரைக் கிலோ கோழியின் இரத்தத்தில் எந்த ஒரு கணத்திலும் ஓடிக்கொண்டிருக்கும் கால்சியம் 20, 25 மில்லிகிராம்தான். ஓட்டுச் சுரப்பியோ மணிக்கு நூறு மில்லிகிராமுக்கு மேல் உறிஞ்சுகிறது. இரத்தத்தில் இருப்பது பத்துப் பன்னிரண்டு நிமிடத்தில் தீர்ந்துபோகும். அதற்குள் புதிதாக வந்து நிரம்பியாக வேண்டும். இரவு முழுவதும் இந்த வரத்து நிற்கக் கூடாது. வருவதற்கு வழி இரண்டு: குடல் அல்லது எலும்பு.

எலும்பு வழி பறவைகளுக்கென்று அமைந்த ஒரு விந்தை. முதல் முட்டைக்கு இரண்டு வாரத்துக்கு முன்பு, ஈஸ்ட்ரோஜன் ஏறத் தொடங்கியதும், தொடை எலும்பு போன்ற நீண்ட எலும்புகளின் உட்குழிவில் ஊசி ஊசியாகப் புது எலும்பு வளரும். இதை மஜ்ஜை எலும்பு என்கிறார்கள். உடம்பைத் தாங்குவது இதன் வேலை இல்லை. பகலில் போட்டு இரவில் எடுக்கும் சேமிப்புக் கணக்கு இது. 1934-ல் கைஸ், பாட்டர் என்ற இருவர் பெண் புறாக்களின் எலும்பை ஆராய்ந்து இதை விவரித்தார்கள். 2005-ல் தொல்லுயிரியலாளர் மேரி ஷ்வைட்சரின் குழு ஒரு டைரனோசாரஸ் ரெக்ஸின் தொடை எலும்புக்குள்ளும் இதே போன்ற திசுவைக் கண்டு, செத்தபோது அது முட்டையிடும் பெண்ணாக இருந்தது என்ற முடிவுக்கு வந்தது. ஆறரைக் கோடி ஆண்டுக்கும் முந்தைய அந்த விலங்கும் நாமக்கல் கூண்டுக்கோழியும் ஓட்டுக்குக் கடன் வாங்கிய இடம் ஒன்றே.

கடனில் ஒரு சிக்கல் இருக்கிறது. எலும்பைக் கரைக்கும் செல்களுக்கு மஜ்ஜை எலும்பு எது, உடம்பைத் தாங்கும் எலும்பு எது என்ற வேறுபாடு தெரியாது. எது முன்னால் இருக்கிறதோ அதை அரிக்கும். பகலில் திருப்பிக் கட்டும்போது மஜ்ஜை எலும்பு மட்டும்தான் மீண்டும் வளர்கிறது; முட்டையிடும் காலம் முழுவதும் தாங்கும் எலும்பு புதிதாக உருவாவது ஏறக்குறைய நின்றுவிடுகிறது. ஒவ்வோர் இரவும் கொஞ்சம் கொஞ்சமாக அரிபட்டது 60, 70 வாரத்தில் கண்ணுக்குத் தெரியும். நெஞ்செலும்பு வளைந்திருக்கும், சிலவற்றில் முறிந்து கூடியிருக்கும். நன்றாக முட்டையிட்டுக்கொண்டிருந்த கோழி ஒருநாள் காலையில் கூண்டில் எழுந்து நிற்க முடியாமல் ஒருபக்கம் சாய்ந்து கிடக்கும். கண் தெளிவாக இருக்கும், கொண்டை சிவப்பாகவே இருக்கும், தீவனம் எட்டினால் தின்னும். கால் மட்டும் வராது. கூண்டுச் சோர்வு என்று பெயர் பெற்ற இந்த நிலையில் உள்ள கோழியை உடனே வெளியே எடுத்துத் தரையில் விட்டு, தண்ணீரும் கிளிஞ்சலும் பக்கத்தில் வைத்தால் சில நாளில் எழுந்து நடப்பதும் உண்டு. கூண்டிலேயே விட்டால் தண்ணீர் எட்டாமலே செத்துப்போகும்.

குடல் வழியிலும் வயது கைவைக்கிறது. தீவனத்துக் கால்சியத்தைக் குடல் சுவர் உள்ளே இழுக்க, வைட்டமின் டி3 வேண்டும். அதுவும் அப்படியே பயன்படாது. கல்லீரலில் ஒரு மாற்றம், சிறுநீரகத்தில் இன்னொரு மாற்றம் ஆன பிறகே அது வேலை செய்யும் வடிவத்துக்கு வரும். வயதான கோழியின் சிறுநீரகம் இந்தக் கடைசி மாற்றத்தை முன்போல் செய்வதில்லை. கூண்டில் அசையாமல் தின்று கல்லீரலில் கொழுப்பு ஏறிய கோழியில் முதல் மாற்றமே தடுமாறும். ஈஸ்ட்ரோஜனும் குறைகிறது. குடல் செல்லுக்குள் கால்சியத்தைத் தூக்கிச் செல்லும் புரதமும் குறைகிறது.

கணக்குப் போட்டுப் பார்த்தால் இதன் கனம் தெரியும். தினம் 110 கிராம் தீவனம் தின்னும் கோழிக்கு, தீவனத்தில் 4 விழுக்காடு கால்சியம் என்றால் 4.4 கிராம் உள்ளே போகிறது. பாதி உடம்பில் சேர்ந்தால் 2.2 கிராம், ஒரு ஓட்டுக்குச் சரியாகப் போயிற்று. சேரும் பங்கு 50-லிருந்து 45 விழுக்காடாக இறங்கினால் கிடைப்பது 1.98 கிராம். ஒரு முட்டைக்கு 0.22 கிராம் துண்டு விழுகிறது. நூறு முட்டையில் அது 22 கிராம். உடம்பில் உள்ள மொத்தக் கால்சியத்தைவிட அதிகம். நடைமுறையில் கோழி அவ்வளவு தூரம் போகவிடாது. முதலில் ஓட்டை மெலிதாக்கும். பிறகு எலும்பை விட்டுக்கொடுக்கும். பற்றாக்குறை கடுமையானால் மூளையிலிருந்து சினைப்பைக்குப் போகும் ஹார்மோன் கட்டளையே குறைந்து, மஞ்சள் கரு விடுபடுவது நின்றுவிடும். முட்டை எண்ணிக்கை சரிவதைப் பார்த்துத் தாது உப்பைத் தேடுபவர், இந்த வரிசையின் கடைசியில் வந்து நிற்கிறார்.

துண்டு விழுகிறதென்றால் சுண்ணாம்புக்கல்லைக் கூட்டிப் போட்டால் ஆயிற்று என்று தோன்றும். ஓரளவுக்கு அது சரியே. முட்டையிடத் தொடங்கும்போது நாளைக்கு நாலு கிராமை ஒட்டி இருக்கும் கால்சியத்தை 60 வாரத்துக்கு மேல் நாலரை கிராம் வரை கொண்டுபோகும்படி பெரும்பாலான வழிகாட்டிகள் சொல்கின்றன. அதற்கு மேல் ஏற்றினால் இடைஞ்சல். சுண்ணாம்புக்கல்லில் கால்சியம் 38 விழுக்காடுதான் என்பதால் தீவனத்தில் ஏற்கெனவே பத்தில் ஒரு பங்கு கல். இன்னும் கூட்டினால் மக்காச்சோளத்துக்கும் சோயாவுக்கும் இடம் குறையும், கோழி தின்பதும் குறையும். மிதமிஞ்சிய கால்சியம் குடலில் பாஸ்பரஸ், துத்தநாகம், மாங்கனீஸ் ஆகியவற்றையும் சேரவிடாமல் தடுக்கும். மூட்டையைக் கூட்டுவதைவிட, போடுகிற கல் எந்த உருவில் இருக்கிறது, எந்த நேரத்தில் வயிற்றில் இருக்கிறது என்பதைப் பார்ப்பதில்தான் பலன் அதிகம்.

மாவாக அரைத்த சுண்ணாம்புக்கல் வயிற்று அமிலத்தில் பட்டவுடன் கரைந்து, சில மணி நேரத்தில் குடலைக் கடந்துவிடும். காலையில் தின்ற மாவுக் கால்சியம் மாலைக்குள் வந்து போய்விடுகிறது. ஓட்டுச் சுரப்பி கேட்கும் நேரத்தில் கல்லாப்பெட்டி காலி. 2 முதல் 4 மில்லிமீட்டர் அளவுள்ள கல்நொறுக்கான கிரிட் அப்படி இல்லை. பல் இல்லாத கோழிக்குப் பல்லாக உள்ள அரைவைப் பையில் அது தங்கி, கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்ந்து, நடுச்சாமத்திலும் கால்சியத்தை விட்டுக்கொண்டிருக்கும். ஒரு மில்லிமீட்டருக்குக் கீழே போனால் தங்காது. இளங்கோழிக்குப் பாதி மாவு பாதி கிரிட் என்றால், வயதான கோழிக்கு மூன்றில் இரண்டு பங்கோ அதற்கு மேலோ கிரிட்டாக இருக்க வேண்டும் என்பது பரவலாக ஏற்றுக்கொள்ளப்பட்ட நடைமுறை. கடல் கிளிஞ்சலை உடைத்த ஷெல் கிரிட்டும் சுண்ணாம்புக்கல் கிரிட்டும் இந்த வேலைக்கு ஒன்றுக்கொன்று சளைத்தவை இல்லை. கிளிஞ்சலில் மண்ணும் உப்பும் ஒட்டியிருக்கிறதா என்று பார்த்து வாங்க வேண்டும், அவ்வளவுதான்.

வாங்கும்போது பார்க்க வேண்டிய இன்னொன்று மக்னீசியம். டோலமைட் என்ற கல் பார்வைக்குச் சுண்ணாம்புக்கல் போலவே இருக்கும். அதில் பத்து விழுக்காட்டுக்கு மேல் மக்னீசியம் இருப்பதால், முட்டைக்கோழிக்குப் போட்டால் கால்சியம் சேருவது கெடும். எச்சம் நீர்த்துப்போய் முட்டையும் அழுக்காகும்.

நேரத்தைப் பொறுத்தவரை கோழிக்கே ஒரு தெளிவு உண்டு. கிளிஞ்சலைத் தனித் தொட்டியில் வைத்துப் பார்த்த சோதனைகளில், முட்டை உருவாகும் நாட்களில் கோழிகள் பின்மாலையில் அதைத் தேடிப்போய்த் தின்றன. முட்டை இல்லாத நாளில் அவ்வளவு நாட்டம் காட்டவில்லை. தெருவில் திரியும் நாட்டுக்கோழி சாயங்காலம் பழைய சுவரில் உதிர்ந்த சுண்ணாம்பைக் கொத்துவதற்கும் இதுவே காரணமாக இருக்கலாம். கூண்டுக்கோழிக்குத் தேடிப்போக வழியில்லை. அதனால் அன்றைய தீவனத்தில் பாதிக்கு மேல் பிற்பகலில் போடுவதும், அந்த நேரத்தில் கிரிட்டைத் தொட்டியின் மேலாகத் தூவிவிடுவதும், சில பண்ணைகளில் நள்ளிரவில் ஒன்றிரண்டு மணி நேரம் விளக்கைப் போட்டுத் தின்னவிடுவதும் நடக்கிறது. மின்கட்டணம் கொஞ்சம் கூடும். ஓட்டில் அதற்குக் கைமேல் பலன் தெரியும்.

கால்சியத்தின் கூட்டாளியும் போட்டியாளரும் பாஸ்பரஸ். எலும்பு இந்த இரண்டும் சேர்ந்தது. ஓட்டுக்கோ பாஸ்பரஸ் ஏறக்குறைய வேண்டவே வேண்டாம். இரவில் எலும்பு கரையும்போது இரண்டுமே இரத்தத்தில் இறங்குகின்றன. கால்சியம் ஓட்டுக்குப் போகிறது, பாஸ்பரஸ் சிறுநீரில் போகிறது. இரத்தத்தில் பாஸ்பரஸ் மிகுந்திருந்தால் ஓடு படிவதே தடைப்படும். ஆகவே வயதாக ஆகக் கால்சியத்தை ஏற்றும்போதே, உடம்புக்குக் கிடைக்கும் பாஸ்பரஸைச் சற்று இறக்குவார்கள், தொடக்கத்தில் 0.4 விழுக்காட்டைத் தாண்டி இருப்பது கடைசிக் கட்டத்தில் 0.35-ஐ ஒட்டி வரும். ஒரேயடியாக வெட்டினால் மறுநாள் பகலில் மஜ்ஜை எலும்பைத் திருப்பிக் கட்டச் சரக்கு இருக்காது. கூண்டுச் சோர்வு அங்கேதான் தொடங்கும். தானியத்திலும் தவிட்டிலும் உள்ள பாஸ்பரஸில் மூன்றில் இரண்டு பங்கு பைட்டேட் என்ற பூட்டுக்குள் கிடக்கிறது. கோழியின் வயிற்றில் அதற்குச் சாவி இல்லை. பைட்டேஸ் நொதியைத் தீவனத்தில் கலந்தால் பூட்டு திறக்கும். கூடவே அதில் சிக்கியிருந்த கால்சியமும் துத்தநாகமும் விடுபடும். பைட்டேஸைக் கலந்த பிறகும் பழைய அளவிலேயே டிசிபி (டைகால்சியம் பாஸ்பேட்) போடுவது, காசைக் கொடுத்து ஓட்டைக் கெடுத்துக்கொள்வதற்குச் சமம்.

கிராம் கணக்கில் வேண்டியவை இவை. மில்லிகிராம் கணக்கில் வேண்டியவற்றில் மூன்று ஓட்டோடு நேரடித் தொடர்பு உள்ளவை: துத்தநாகம், மாங்கனீஸ், தாமிரம்.

கால்சியம் கார்பனேட்டில் கால்சியம் பாதிக் கதை. கார்பனேட் எங்கிருந்து வருகிறது என்பது மீதிக் கதை. அது தீவனத்திலிருந்து வருவதில்லை. கோழி மூச்சில் விடும் அதே கரியமில வாயுவைத்தான் ஓட்டுச் சுரப்பி தண்ணீரோடு சேர்த்துப் பைகார்பனேட்டாக மாற்றுகிறது. மாற்றித் தரும் நொதி கார்பானிக் அன்ஹைட்ரேஸ். 1940-ஐ ஒட்டிக் கேம்பிரிட்ஜில் கெய்லின், மான் என்ற இருவர் இந்த நொதியின் நடுவில் துத்தநாகம் உட்கார்ந்திருப்பதைக் காட்டினார்கள். நான்கு ஆண்டு கழித்து, 1944-ல், சல்பானிலமைடு மருந்து கொடுத்த கோழிகள் ஓடில்லாத முட்டை இடுவது ஆராயப்பட்டது. அந்த மருந்து அடக்குவது இதே நொதியைத்தான். சல்பா மருந்து போட்ட ஷெட்டில் தோல்முட்டை உருளும் என்று பண்ணையில் வேலை செய்பவர்கள் சொல்வதன் பின்னணி இது.

மாங்கனீஸ் ஓட்டின் அடித்தளத்துக்கு வேண்டியது. ஓடு வெறும் சுண்ணாம்புப் பூச்சு இல்லை; வெளிச் சவ்வின்மேல் குமிழ் குமிழாகப் புள்ளிகள் அமைந்து, அவற்றிலிருந்து படிகங்கள் தூண்போல் எழும்பி ஒன்றோடொன்று இறுகுகின்றன. இடையில் புரதமும் சர்க்கரைச் சங்கிலிகளும் கலந்த ஒரு வலை ஓடுகிறது, கான்கிரீட்டுக்குள் கம்பி ஓடுவதுபோல. அந்தச் சங்கிலிகளைக் கோக்கும் நொதிகளுக்கு மாங்கனீஸ் வேண்டும். அது குறைந்தால் கனம் சரியாக இருந்தும் ஓடு லேசான தட்டலுக்கே விரிசல் விடும். தாமிரம் சவ்வின் நார்களைக் குறுக்கே பிணைக்கும் நொதிக்கு உரியது. சவ்வு தொய்ந்தால் மேலே எழும் ஓடும் கோணலாகும்.

அமெரிக்கத் தேசிய ஆராய்ச்சிக் கழகத்தின் 1994 அட்டவணை, தீவனத்தில் கிலோவுக்கு 35 மில்லிகிராம் துத்தநாகமும் 20 மில்லிகிராம் மாங்கனீஸும் போதும் என்றது. இன்று தீவனத்தில் கலக்கும் தாதுக் கலவையான புரீமிக்ஸ் வழியே இரண்டுமே 60 முதல் 100 வரை சேரும். அமினோ அமிலத்தோடு பிணைத்த கரிமத் தாதுக்களை வயதான கோழிக்குக் கொடுத்தால் ஓடு வலுப்படுகிறது என்று காட்டிய ஆய்வுகளும் உண்டு, வேறுபாடு இல்லை என்று முடிந்தவையும் உண்டு. கல்லும் பாஸ்பரஸும் கோணலாக இருக்கும் பண்ணையில் விலை உயர்ந்த கரிமத் தாதுவை முதலில் வாங்குவது, கூரை ஒழுகும்போது வாசலுக்கு வர்ணம் அடிப்பது மாதிரி.

தண்ணீரையும் வெயிலையும் தீவன ஆலை கட்டுப்படுத்த முடியாது. 1980-களில் ஆஸ்திரேலியாவில் பால்நேவ் என்ற ஆய்வாளரும் கூட்டாளிகளும் செய்த சோதனைகளில், குடிநீரில் லிட்டருக்கு 600 மில்லிகிராம் சாதாரண உப்பைக் கலந்ததற்கே ஓட்டுக் குறைபாடுகள் கூடின; ஓட்டுச் சுரப்பியில் கார்பானிக் அன்ஹைட்ரேஸ் குறைந்தது. நல்ல தண்ணீருக்கு மாற்றிய பிறகும் கெட்ட ஓடு உடனே சரியாகவில்லை. போர்வெல் தண்ணீரை நம்பியுள்ள பண்ணைக்கு, கோடையில் நீர்மட்டம் இறங்க இறங்க உப்பு ஏறுவது கவனிக்க வேண்டிய விஷயம். தீவனத்தில் கருவாட்டுத்தூள் சேர்ப்பவர்கள் அதிலுள்ள உப்பையும் கணக்கில் கழிக்க வேண்டும்.

ஏப்ரல், மே மதியத்தில் ஷெட்டுக்குள் போனால் ஆயிரக்கணக்கான அலகுகள் திறந்திருக்கும், சிறகுகள் உடம்பை விட்டு விலகித் தொங்கும். கோழிக்கு வியர்க்காது, மூச்சிரைத்துத்தான் சூட்டைத் தணிக்கும். இரைக்கும் வேகத்தில் கரியமில வாயு அளவுக்கு மீறி வெளியேறி, இரத்தம் காரத்தன்மை அடைந்து, ஓட்டுக்கு வேண்டிய பைகார்பனேட் குறைகிறது. பயன்படும் நிலையில் உள்ள கால்சியமும் சுருங்குகிறது. தீவனம் தின்பது வேறு குறைகிறது. இந்த அடியை இளங்கோழி ஓரளவு தாங்கும். கையிருப்பு கரைந்த பழைய கோழியில் மறுநாளே தோல்முட்டை தெரியும். 1980-களில் அமெரிக்காவில் சோடாத் தண்ணீர் கொடுத்துப் பார்த்து ஓடு தேறுவதைக் கண்டார்கள். பண்ணைக்குக் கட்டுப்படியாகும் வழி, தீவன உப்பில் ஒரு பங்கைச் சோடா உப்பாக மாற்றுவதும் விடியற்காலையிலும் வெயில் தாழ்ந்த பிறகும் தீவனம் போடுவதும். நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியின் வானிலை அறிவிப்பு மழையோடும் வெயிலோடும் நிற்காமல், கோழித்தீவனத்தில் என்ன மாற்ற வேண்டும் என்றும் சேர்த்துச் சொல்வதன் பொருள் இங்கே விளங்கும்.

ஓடு மெலிவதை உடைசல் எண்ணிக்கை காட்டும்வரை காத்திருக்கத் தேவையில்லை. உப்புத் தண்ணீர்ச் சோதனை பழையது, மலிவானது. லிட்டர் தண்ணீருக்குச் சுமார் 125 கிராம் உப்பைக் கரைத்தால் அடர்த்தி 1.080 வரும், அடர்த்திமானியை மிதக்கவிட்டுச் சரிபார்க்கலாம். அன்று காலையில் இட்ட 30 முட்டையை ஷெட்டின் பல வரிசைகளிலிருந்து எடுத்து, தண்ணீரின் சூட்டுக்கே வந்தபின் ஒவ்வொன்றாக விட வேண்டும். ஓட்டைத் தவிர முட்டையின் மற்ற பாகங்களின் அடர்த்தி தண்ணீரைவிடக் கொஞ்சம்தான் கூட. ஆகவே மூழ்குவதும் மிதப்பதும் ஓட்டின் பங்கைப் பொறுத்தது. அடியில் போய்ப் படுத்தால் ஓடு நல்ல கனம். முனை மட்டும் தலைகாட்டி மிதந்தால் மெலிவு. 1.060-லிருந்து 1.100 வரை 0.005 ஏற்றத்தில் ஒன்பது வாளி வைத்து முறையாகச் செய்வோரும் உண்டு, ஒற்றை வாளியே பண்ணைக்குப் போதும். 40-வது வாரத்தில் முப்பதில் ஐந்து மிதந்தது 60-வது வாரத்தில் பதினைந்தாக ஏறினால், லாரியில் உடைவதற்குப் பல வாரம் முன்பே சேதி வந்துவிட்டது. பழைய முட்டையை விட்டால் காற்றறை பெருத்திருப்பதால் சோதனை பொய் சொல்லும்.

வயதான கோழிக்குச் செய்ய முடிகிற மிகப் பெரிய உதவி அது கோழியாவதற்கு முன்பே செய்யப்படுவது. தாங்கும் எலும்பு முதல் முட்டைக்கு முன்புதான் வளரும் என்பதால், 15 முதல் 17 வாரம் வரையிலான நாட்களே சேமிப்புக் காலம். வளரும் பருவத் தீவனத்தில் ஒரு விழுக்காடாக உள்ள கால்சியத்தை இங்கே இரண்டு, இரண்டரைக்கு ஏற்றுவார்கள். அவசரப்பட்டு முட்டைக்கோழித் தீவனத்தையே பல வாரம் முன்னதாகக் கொடுத்தால் வேண்டாத கால்சியத்தை வெளியேற்றி வெளியேற்றிச் சிறுநீரகம் கெடும். உட்பாகங்களில் சுண்ணாம்பு பூசியதுபோல் வெளுத்துச் சாகும் கோழிகளில் இது ஒரு காரணம். கெட்டு மிஞ்சிய சிறுநீரகத்தால் பின்னாளில் வைட்டமின் டியையும் சரியாக மாற்ற முடியாது.

பேட்ச்சை விற்பதற்குப் பதிலாக மீண்டும் ஒரு சுற்று முட்டை எடுக்க நினைப்பவர்கள் செய்வது மோல்டிங். கோழி சில வாரம் முட்டையை நிறுத்தி, இறகை உதிர்த்து, முட்டைக்குழாய் சுருங்கி மறுபடி வளரும்போது ஓட்டுச் சுரப்பியும் புதுப்பிக்கப்படுகிறது. தாங்கும் எலும்பு திரும்ப வளர்வதற்கும் அந்த இடைவெளியில்தான் வாய்ப்பு. முன்பு பல நாள் தீவனத்தை நிறுத்திப் பட்டினி போட்டே இதைச் செய்தார்கள். 2011-ல் இந்திய விலங்குகள் நல வாரியம் அது மிருகவதைத் தடுப்புச் சட்டத்துக்கு முரணானது என்று அறிவித்தது. தவிடு மிகுந்த, சத்துக் குறைந்த தீவனத்தைக் கொடுத்துச் செய்வது மாற்று வழி. கிலோவுக்கு 10,000 முதல் 20,000 மில்லிகிராம் துத்தநாகம் கலந்த தீவனம் இன்னொரு வழி. அதைக் கோழி வெறுத்து ஒதுக்கிச் சில நாளிலேயே முட்டையை நிறுத்திவிடும். 60 மில்லிகிராமில் ஓட்டைக் கட்டிய அதே துத்தநாகம்தான் இது. மோல்டிங் முடிந்து வரும் முட்டைகளில் ஓடு கனமாக இருக்கும், வாளியில் மூழ்கும். சில மாதத்தில் மறுபடி மெலியத் தொடங்கும். இந்த இரண்டாம் சரிவு முதல் சுற்றில் நடந்ததைவிட வேகமாக இருக்கும்.